நான்கு படங்களும் ஏன் திரும்பி வந்தன?

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவும் 50 மிமீ எஃப் 1.8 லென்ஸும் வைத்திருக்கிறேன். படங்களை இணையத்தில் விற்றுத்தரும் ஒரு ஸ்டாக் ஏஜென்சிக்கு நான்கு படங்கள் அனுப்பினேன். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) இரவில் தே தாரே எனும் பால் தேநீரை உயரத் தூக்கி ஆற்றுபவர் (ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/60 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 1.8), அரை மீட்டர் தூரத்தில் சாய்வாக எடுத்த வாழை இலைச் சாப்பாடு (அதுவும் எஃப் 1.8), தைப்பூசக் காவடி, லெபு ஆர்மேனியன் தெருச் சுவரோவியம். நான்கும் திரும்பி வந்துவிட்டன. நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிக் குருணை), ஃபோகஸ், மாடல் ரிலீஸ் (படத்தில் இருப்பவரின் எழுத்துச் சம்மதம்), அறிவுசார் சொத்துரிமை என்று படத்துக்கொரு காரணம். கைப்பேசியில் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றன? எங்கே திருத்துவது?

பதில்: உங்கள் படம் 6000-க்கு 4000 பிக்சல். கைப்பேசித் திரை அதைச் சுருக்கிக் காட்டும்போது மங்கலும் புள்ளிகளும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஏஜென்சியில் 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். வாங்குகிறவர் அதைப் பேனராக அடிக்கலாம், பாதியை வெட்டியும் பயன்படுத்தலாம் என்பதுதான் காரணம். அதனால் இனி எந்தப் படத்தையும் கணினித் திரையில் 100 விழுக்காட்டில் வைத்து, மேல் இடது மூலையில் தொடங்கி வரிசையாக நகர்த்திப் பார்த்துவிட்டே அனுப்புங்கள்.

உங்கள் நான்கு படங்களில் இரண்டுக்கு எடுத்த விதத்தில் குறை, இரண்டுக்கு உரிமைச் சிக்கல். முதல் வகையைப் படம் எடுக்கும் இடத்திலேயே சரிசெய்ய வேண்டும். இரண்டாம் வகையை எந்த மென்பொருளும் சரிசெய்யாது.

தே தாரே படத்தை எடுத்துக்கொள்வோம். 1/60 நொடியில் கை, குவளை, முகம் மூன்றும் அசைந்திருக்கும். ஐஎஸ்ஓ 6400-இல் நாய்ஸ் வரும்தான், ஆனால் அதைவிட மோசம், இருட்டாக விழுந்த படத்தை லைட்ரூம் மென்பொருளில் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, வெளிச்சமாக்குவது. நிழல் பகுதியில் சிவப்பும் பச்சையுமாகக் குருணை கிளம்பிவிடும். அதை நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு அழித்தால் முகத்தோல் மெழுகு பூசியதுபோல் ஆகும், அதற்கும் நிராகரிப்பு வரும். வேகமான ஷட்டர் வைத்தால் போதுமே என்று தோன்றலாம். கடை விளக்கு அதற்கு இடம்தராது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்கும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஷட்டர் 1/50 அல்லது 1/100-இல் இருந்தால் அந்த மினுக்கல் சமமாகிவிடும். 1/500-க்குப் போனால் படத்தின் குறுக்கே வெளிச்சமும் இருளுமாகப் பட்டைகள் விழும், அடுத்தடுத்த படங்களில் நிறமே மாறும். தேநீர் ஒழுக்கைத் துல்லியமாக நிறுத்த 1/500 வேண்டும், விளக்கோ 1/100-ஐத் தாண்டவிடாது.

ஆகவே இரவில் அந்தப் படத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். மாலை 5-லிருந்து 6 மணிக்குள், ஆற்றும் மேசை சாலையைப் பார்த்திருக்கும் கடைக்குப் போங்கள். வெளிச்சம் அவருக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னாலிருந்து வரும்படி நில்லுங்கள். அப்போதுதான் தேநீர் ஒழுக்கு செம்பொன்னாக ஒளிரும், நுரையும் தனியாகத் தெரியும். எஃப் 2.8 முதல் 4 வரை, ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓ 800 முதல் 1600. ஃபோகஸை அவர் கண்ணில் வையுங்கள். குவளை தலைக்கு மேலே போய் ஒழுக்கு முழு நீளம் விழுவது ஒரு கண நேரம்தான், ஆகவே தொடர் ஷாட்டில் எடுங்கள். கோப்பு ரா வடிவத்தில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) இருக்கட்டும். பின்னணியில் பால் டின் லேபிள், மைலோ பேனர், கடைப் பெயர்ப்பலகை, அவர் சட்டையில் சின்னம் எதுவும் தெரியக் கூடாது. பின்னால் அழித்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல் இரண்டு அடி தள்ளி நின்றாலே பாதி மறைந்துவிடும்.

வாழை இலைப் படத்தில் நடந்தது வெறும் கணக்கு. உங்கள் கேமராவில் 50 மிமீ லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து அரை மீட்டரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அப்பளத்தின் விளிம்பு தெளிவு, சோறு மங்கல், ரசக் கிண்ணம் கரைந்தே போயிருக்கும். எஃப் 8-க்கு மூடினாலும் அந்தத் தூரத்தில் 3 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். சாய்வாக எடுக்கிற இலைக்கு அது எப்படிப் போதும்? நாற்காலி மேல் ஏறி நின்று, நேர் மேலேயிருந்து எடுங்கள். 60 சென்டிமீட்டர் இலை முழுதாக அடங்க லென்ஸுக்கும் இலைக்கும் இடையே ஏறத்தாழ 1.3 மீட்டர் வேண்டும். அங்கே எஃப் 5.6-இல் சுமார் 15 சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கும், கிண்ணமும் கூட்டும் அப்பளமும் எல்லாம் உள்ளே வந்துவிடும். சன்னலோர மேசையாகப் பார்த்து, தலைக்கு மேல் விளக்கை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். சன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் கலந்தால் சோற்றின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். வைட் பேலன்ஸை (நிறச் சமன்) எப்படித் திருப்பினாலும் ஒத்துவராது.

ஃபோகஸ் சரியாக இருந்தும் படம் முழுக்கப் பால் பூசியது போலிருந்தால் லென்ஸில் பனி படிந்திருக்கலாம். ஏர்கோன் காரிலிருந்து நேராக வெளியே இறங்கி எடுப்பவர்களுக்கு இது நம் ஊரில் சகஜம். கேமராவைப் பைக்குள் மூடி வைத்து, அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்ட பிறகு திறவுங்கள்.

இனி காவடி. முகம் அடையாளம் தெரிகிற யாராக இருந்தாலும், விளம்பரத்துக்கு விற்கும் வணிகப் பிரிவில் அவர் கையெழுத்திட்ட மாடல் ரிலீஸ் வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து. தண்ணீர்மலைக்கு விரதமிருந்து காவடி எடுத்துப் போகிறவரை நிறுத்திக் காகிதம் நீட்டுவது முறையும் அல்ல. அந்தப் படத்தை எடிட்டோரியல் பிரிவில் அனுப்புங்கள். செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டும் பயன்படும் பிரிவு அது, ரிலீஸ் கேட்க மாட்டார்கள். ஆனால் எல்லா ஏஜென்சியும் அதை ஒரே மாதிரி ஏற்பதில்லை, விதியை முதலில் படித்துவிடுங்கள். தலைப்பும் குறிப்பிட்ட வடிவில் இருக்க வேண்டும். ஷட்டர்ஸ்டாக் ஏஜென்சியில் ஊர், நாடு, தேதி, பிறகு விவரம்: “ஜார்ஜ்டவுன், மலேசியா - பிப்ரவரி 11, 2025: தைப்பூசத்தில் காவடி ஏந்திச் செல்லும் பக்தர்” என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். எடிட்டோரியல் படத்தில் எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது. வெளிச்சம், நிறம், சிறு கிராப் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அலகு குத்திய முகங்களின் நெருக்கப் படம் ஏஜென்சிகளில் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. அதைவிட, இரதம் வரும் பாதையில் உடைக்கக் குவித்திருக்கும் தேங்காய் மலை, வரிசையில் பால்குடங்கள், காவடியின் மயிலிறகு விளிம்பு ஆகியவற்றை எடுக்கச் சொல்வேன். ஆள் தெரியாது, சின்னமும் இருக்காது. வணிகப் பிரிவிலேயே போடலாம்.

லெபு ஆர்மேனியனில் சைக்கிளில் இரண்டு குழந்தைகள் இருக்கும் அந்த ஓவியம் 2012-இல் ஓவியர் எர்னஸ்ட் ஜகாரெவிச் வரைந்தது. நீங்கள் எடுத்தது உங்கள் படம், உள்ளே இருப்பது அவர் படைப்பு. பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் கலைப்படைப்புக்கு மலேசியாவின் 1987 காப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் ஏஜென்சி உலகம் முழுக்க விற்கிறது, விலக்கில்லாத நாட்டிலும் விற்கிறது. அதனால் ஓவியரின் ரிலீஸ் இல்லாமல் வணிகப் பிரிவில் எடுக்காது. அந்தப் படத்தை விட்டுவிட்டு, அதே தெருவில் ஐந்தடி நடைபாதையின் பழைய தரை ஓடுகள், மரச் சன்னல் கதவு, உரிந்த சுண்ணாம்புச் சுவர் என்று பாருங்கள். கோலாலம்பூர்க்காரர்களுக்கும் இதே கதைதான்: பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை மட்டும் பெரிதாகக் காட்டும் படம் வணிகப் பிரிவில் தேறாது. நகரக் காட்சியில் ஒரு பகுதியாக வந்தால் வாய்ப்பு கூடும்.

கோப்பு விஷயம் சுருக்கமாக: ஜேபெக், உயர்ந்த தரம், எஸ்ஆர்ஜிபி நிறவெளி. ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் இரண்டிலும் குறைந்தது 4 மெகாபிக்சல். நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினாலும் உங்களுக்கு 6 மெகாபிக்சல் மிஞ்சும். சிறிய படத்தை ஊதிப் பெரிதாக்காதீர்கள். ஷார்ப்பனிங் குறைவாகவே இருக்கட்டும். ஒரே காட்சியில் ஏழெட்டு அனுப்பினால் ஒரே மாதிரி என்று திருப்பிவிடுவார்கள், கோணம் உண்மையிலேயே மாறுகிற இரண்டு மூன்று போதும். குறிச்சொற்களை ஆங்கிலத்தில் போடுங்கள். ஷட்டர்ஸ்டாக்கில் 7 முதல் 50 வரை, அடோபியில் அதிகபட்சம் 49, அங்கே முதல் பத்துக்குத்தான் எடை அதிகம். படத்தில் இல்லாததையும் நிறுவனப் பெயர்களையும் எழுதாதீர்கள்.

காவடிப் படத்தை மட்டும் தலைப்பு மாற்றி எடிட்டோரியலில் இப்போதே மறுபடி அனுப்பலாம். தே தாரேயையும் வாழை இலையையும் புதிதாக எடுங்கள், பழைய கோப்பில் நேரம் செலவழிக்க வேண்டாம். தே தாரே ஆற்றுபவரிடம் கேமராவை எடுக்கும் முன்பே பேசி, ரிலீஸ் படிவத்தை அச்சடித்துக் கையோடு கொண்டுபோங்கள். கடையில் கூட்டம் சேர்ந்த பிறகு கேட்டால் அவருக்குக் கையெழுத்துப் போட நேரம் இருக்காது.