முதல் ரவுண்டில் எந்தப் பிஸ்டல்?

இந்த முறை வீடியோ கேம்களில் வரும் பிஸ்டல் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ரைஃபிளைப் பற்றி எழுதுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் பல வருடங்களாக விளையாடும் எனக்கு, இன்றும் ஆசையாக எடுத்துப் பழகத் தோன்றுவது பிஸ்டல்தான்.

கேள்வி: கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாட்டில் முதல் ரவுண்டில் கையில் 800 டாலர் இருக்கிறது. நான் எப்போதும் டெசர்ட் ஈகிள் வாங்குகிறேன், எப்போதும் முதல் ஆளாகச் சாகிறேன். டீமில் எல்லோரும் திட்டுகிறார்கள். வேறு எதை வாங்கலாம்?

பதில்: டெசர்ட் ஈகிள் 700 டாலர். வாங்கிய பிறகு மிஞ்சுவது 100. கவசம் கிடையாது, உருப்படியான கிரெனேடும் கிடையாது. சரி, அந்த 700-க்கு என்ன கிடைத்தது? டெசர்ட் ஈகிளின் பெரிய பலமே ஹெல்மெட் போட்டவரையும் தலையில் ஒரே குண்டில் வீழ்த்துவதுதான். ஆனால் முதல் ரவுண்டில் யார் தலையிலும் ஹெல்மெட் இருக்காது. மார்புக் கவசம் மட்டும் 650, ஹெல்மெட்டோடு சேர்ந்தால் 1000. 800 வைத்துக்கொண்டு யாராலும் அதை வாங்க முடியாது.

இப்போது சிடி பக்கத்தில் (பாமைத் தடுக்கும் அணி) இலவசமாகக் கிடைக்கும் யுஎஸ்பி-எஸ் பிஸ்டலைப் பாருங்கள். அதன் அடிப்படை டேமேஜ் 35. தலையில் பட்டால் நான்கு மடங்கு, அதாவது 140. எதிரியின் ஹெல்த் 100. முதல் ரவுண்டில் தலைக்குக் குறிவைக்கத் தெரிந்தவருக்கு, இலவசத் துப்பாக்கியே 700 டாலர் துப்பாக்கியின் வேலையைச் செய்துவிடும்.

டி பக்கத்தில் (பாம் வைக்கும் அணி) கிடைக்கும் கிளாக்-18 கொஞ்சம் வேறு. அதன் டேமேஜ் 30, தலைக்கு 120. ஆனால் தூரம் கூடக் கூட இது குறையும். தூரத்தில் ஒரு ஹெட்ஷாட் போதாமல் போகும். அதனால் டஸ்ட் 2 மேப்பில் கிளாக்கை வைத்துக்கொண்டு லாங் என்ற நீண்ட பாதையில் போய் யுஎஸ்பியோடு மோதாதீர்கள். ஐந்து பேரும் சேர்ந்து பி டனல் வழியாக ஓடி நெருங்குங்கள். கிளாக்கில் 20 குண்டு, யுஎஸ்பியில் 12. நெருக்கத்தில் அந்த எட்டுக் குண்டு வித்தியாசம் உங்களைக் காப்பாற்றும்.

வாங்குவதில் என் வழக்கம் இது. டி பக்கம் என்றால் முன்னால் போகிறவர்களுக்குக் கவசம். கவசம் இல்லாதவர் மேல் குண்டு பட்டால் குறி மேலே எகிறிவிடும், திருப்பிச் சுட்டாலும் படாது. பின்னால் வருகிற ஒருவர் பி250 பிஸ்டல் (300), ஒரு ஸ்மோக் கிரெனேட் (300), ஒரு ஃபிளாஷ் கிரெனேட் (200) வாங்கலாம், கணக்கு சரியாக 800. சிடி பக்கத்தில் ஒருவராவது 400 கொடுத்து டிஃப்யூஸ் கிட் வாங்கியே ஆக வேண்டும். கிட் இல்லாமல் பாமை முடக்க 10 வினாடி, இருந்தால் 5. ஸ்கோர் 6-6 ஆக இருந்த ஒரு மேட்ச்சில், பக்கம் மாறி மீண்டும் 800 டாலரோடு தொடங்கும் 13-ஆவது ரவுண்டில், எதிரிகள் ஐந்து பேரையும் நாங்கள் முடித்துவிட்டோம். நான் பாமின் மேல் நிற்கிறேன், பீப் சத்தம் நெருங்கிக்கொண்டே போகிறது. எங்களில் எல்லோரிடமும் கவசம் இருந்தது, ஒருவரிடமும் கிட் இல்லை. பாம் வெடித்து ரவுண்ட் போனது. பிஸ்டல் ரவுண்டைத் தோற்றால் அடுத்த ரவுண்டிலும் பணம் இருக்காது, அதுவும் போனது. அன்றிலிருந்து வாங்கும் நேரம் தொடங்கியதும் "கிட் யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதை யோசிப்பேன்.

கேள்வி: அசையாத பாட்களை (கணினி ஆட்டும் எதிரிகளை) சுட்டுப் பழகும்போது டெசர்ட் ஈகிளில் தலை தலையாக விழுகிறது. மேட்ச்சில் ஒன்றுகூடப் படவில்லை. கை நடுங்குகிறதா, மவுஸ் சரியில்லையா?

பதில்: இரண்டும் இல்லை, உங்கள் கால் நிற்கவில்லை. பழகும்போது நின்று சுடுகிறீர்கள். மேட்ச்சில் பயத்தில் நகர்ந்துகொண்டே சுடுகிறீர்கள். டெசர்ட் ஈகிளை நகரும்போது சுட்டால் குண்டு குறிக்கு எங்கோ போகும். வலது பக்கம் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்றால், வலதுக்கான டி (D) பட்டனை விட்டுவிட்டு இடதுக்கான ஏ (A) பட்டனை ஒரு தட்டுத் தட்டுங்கள். உடம்பு சட்டென்று நிற்கும். நின்ற அந்தக் கணத்தில் ஒரு குண்டு. இதைத்தான் கவுன்ட்டர்-ஸ்ட்ரேஃப் என்கிறார்கள். துப்பாக்கி இல்லாமல், வெறும் கால் பயிற்சியாக இதை மட்டும் தினம் ஐந்து நிமிடம் செய்யுங்கள்.

இரண்டாவது, அவசரம். முதல் குண்டு தவறியதும் மீதி ஆறையும் கொட்டிவிடுகிறீர்கள், இல்லையா? சுட்டதும் துப்பாக்கி மேலே எகிறும், திரும்பி அமர நேரம் எடுக்கும். அது அமர்வதற்குள் சுடும் குண்டு வீண். நான் பழகிய விதத்தைச் சொல்கிறேன். செத்தாலும் உடனே திரும்பி வந்து ஆடும் டெத்மேட்ச்சில் ஒரு எதிரிக்கு இரண்டு குண்டுதான் என்று எனக்கு நானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். இரண்டும் தவறினால் சுவருக்குப் பின்னால் போய்விட வேண்டும். முதல் வாரம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, நிறையச் செத்தேன். அப்புறம் முதல் குண்டைச் சுடும் முன்பே குறி தலை உயரத்தில் நிற்க ஆரம்பித்தது.

டெசர்ட் ஈகிளை வாங்க நல்ல நேரம், டீம் பணம் சேர்க்கும் ரவுண்ட். எதிரிகள் ஹெல்மெட்டும் ரைஃபிளுமாக வருவார்கள், அப்போது அந்த 700-க்கு அர்த்தம் உண்டு. இன்னும் குறி கைக்கு வரவில்லை என்றால் 500 டாலரில் சிடிக்கு ஃபைவ்-செவன், டிக்கு டெக்-9 இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் எதிரி என்றால் இவையும் ஹெல்மெட்டைத் தாண்டி ஒரே குண்டில் முடிக்கும். மூலையில் பொறுமையாகக் காத்திருப்பவருக்கு நான் ஃபைவ்-செவனைத்தான் கொடுப்பேன்.

கேள்வி: என் மகன் பிஸ்டலுக்கு ஸ்கின் வாங்கப் பணம் கேட்கிறான். "இது அப்கிரேட்மா, இருந்தால் நன்றாக ஆடலாம்" என்கிறான். உண்மையா?

பதில்: இல்லை அம்மா. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் ஸ்கின் என்பது துப்பாக்கியின் மேல் போடும் வண்ணம் மட்டும்தான். டேமேஜ், வேகம், குண்டுகளின் எண்ணிக்கை எதுவும் மாறாது. ஸ்டாட்ட்ராக் என்று எழுதியிருந்தால் அந்தத் துப்பாக்கியால் எத்தனை பேரை வீழ்த்தினோம் என்ற எண்ணிக்கையைக் காட்டும், அவ்வளவுதான். அழகுக்காக ஆசைப்படுகிறான் என்றால் அதில் தவறில்லை. எவ்வளவு செலவழிக்கலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். ஆனால் பெட்டி திறந்து பார்க்கும் முறைக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள். உள்ளே என்ன வரும் என்பது முழுக்க அதிர்ஷ்டம். போட்ட பணத்துக்கும் மிகக் குறைந்த மதிப்புள்ள ஸ்கின்தான் பெரும்பாலும் வரும். பிடித்த ஸ்கின்னை நேராக ஸ்டீம் மார்க்கெட்டில் விலை பார்த்து வாங்கலாம். அங்கே விற்றால் கிடைக்கும் தொகை ஸ்டீம் வாலட்டிலேயேதான் இருக்கும், வங்கிக்கு எடுக்க முடியாது என்பதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வார்ஃபிரேம் ஆடுகிறேன். என் லாட்டோ பிஸ்டல் 30-ஆவது ரேங்குக்கு வந்துவிட்டது. ஆனாலும் எதிரிகள் சாகவே மாட்டேன் என்கிறார்கள். என்ன தவறு செய்கிறேன்?

பதில்: இந்த விளையாட்டில் அப்கிரேட் உண்மையிலேயே உண்டு, ஆனால் அது ரேங்கில் இல்லை. ரேங்க் ஏறினால் மோட், அதாவது துப்பாக்கியின் பலத்தைக் கூட்டும் கார்டு, பொருத்துவதற்கான இடம்தான் கூடும். பலம் வருவது மோடிலிருந்து. பிஸ்டலுக்கு முதலில் தேடிப் பிடிக்க வேண்டியது ஹார்னெட் ஸ்ட்ரைக். முழுவதும் ஏற்றினால் டேமேஜ் 220 சதவீதம் கூடும்.

ஆனால் முழுவதும் ஏற்ற இப்போதே அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு நிலைக்கும் எண்டோ (மோடை நிலை ஏற்றத் தேவையான பொருள்) செலவு இரட்டிப்பாகிக்கொண்டே போகும். பத்து நிலைக்குமான மொத்தச் செலவில் முக்கால் பங்கு கடைசி இரண்டு நிலைகளுக்கே போய்விடும். எட்டாவது நிலையிலேயே 180 சதவீதம் வந்துவிடுகிறது. அங்கே நிறுத்திவிட்டு, மீதி எண்டோவை வேறு மோடுகளுக்குக் கொடுங்கள். கிரினியர் எதிரிகளின் கவசம்தான் தொந்தரவு என்றால் டாக்ஸின், எலக்ட்ரிசிட்டி இரண்டு மோடையும் பொருத்துங்கள். அவை சேர்ந்து கரோசிவ் ஆகும், கவசத்தை அரிக்கும்.

ஓரோகின் கேட்டலிஸ்ட் என்ற பொருளைப் போட்டால் மோட் இடம் 30-இலிருந்து 60 ஆகும். அதை லாட்டோவில் போட வேண்டாம், மனசு கேட்காது என்று தெரிந்தும் சொல்கிறேன். லாட்டோவால் கிடைக்க வேண்டிய மாஸ்டரி புள்ளிகள் (உங்கள் சொந்த ரேங்கை உயர்த்துபவை) 30-ஆவது ரேங்கோடு உங்களுக்கு வந்துவிட்டன. லெக்ஸ் பிஸ்டலுக்கு மாறுங்கள். மெதுவாகச் சுடும், ஆறே குண்டு, ஆனால் ஒவ்வொன்றும் கனமாக அடிக்கும். கேட்டலிஸ்ட் அதற்கு இருக்கட்டும்.

கேள்வி: ரைஃபிளில் குண்டு தீர்ந்ததும் ரீலோட் செய்வதா, பிஸ்டலை எடுப்பதா?

பதில்: எதிரி கண்முன் இருந்தால் பிஸ்டல். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் ஏகே-47 ரீலோட் ஆக ஏறக்குறைய 2.4 வினாடி, பிஸ்டல் கைக்கு வர ஒரு வினாடி போதும். ஏடபிள்யூபி ஸ்னைப்பர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் குண்டு தீரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். ஒரு குண்டு தவறி எதிரி பத்தடிக்குள் வந்துவிட்டால், அடுத்த குண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை வினாடி ஆகும். அந்தச் சமயத்தில் விரல் தானாகப் பிஸ்டலுக்கான 2-ஆம் பட்டனுக்குப் போக வேண்டும். நான் ரீலோட் பட்டனிலிருந்து என் விரலைப் பிடுங்கி எடுக்க மூன்று மாதம் ஆனது. உங்களுக்கும் ஆகும், விடாமல் பழகுங்கள்.