பிரேக்கை லேசாக மிதித்தால் சத்தம் நிற்கிறதா?

தம்பி, காருக்குப் பிரேக் பேடு (சக்கரத்து டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கற கட்டை) மாத்தி ஒரு வாரத்துல, பள்ளத்தூர்ல இருந்து காரைக்குடி போற வழியில முன்சக்கரம் கடகடங்குது, ரிவர்ஸ் எடுத்துட்டு முன்னால வந்து பிரேக் அடிச்சா ஒரு தடவை 'டொக்'குனு கேக்குதுன்னு எழுதியிருக்கீங்க. பேடு மாத்தினதுக்கு அப்புறம்தான் வந்துச்சுங்கறதுதான் பெரிய துப்பு.

முதல்ல காலிப்பர் (பேடைத் தாங்கி டிஸ்க்குல அழுத்தற பாகம்) போல்ட்டு இறுகியிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. அது லூசா இருந்தா ஆபத்து, அதுவரைக்கும் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

அது சரியா இருந்தா, குண்டும் குழியுமான இடத்துல மெதுவாப் போய் பிரேக்கை லேசா மிதிச்சுப் பிடிங்க. சத்தம் நின்னா பேடுதான் ஆடுது. பேடை ஆடாமப் பிடிச்சு வைக்கற கிளிப்புல பழசையே திரும்பப் போட்டிருப்பாங்க, இல்லாட்டி போடாமலே விட்டிருப்பாங்க. கிளிப் செட்டு பெரிய விலையில்ல, புதுசு கேட்டு வாங்குங்க. கிளிப் உக்கார்ற இடத்துல துருவும் நம்ம ஊர்ச் செம்மண்ணும் அப்பியிருக்கும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கணும். காலிப்பர் நகர்றதுக்கு இருக்கற ஸ்லைடு பின் தேஞ்சிருந்தாலும் காலிப்பரே ஆடும். பின்னுக்குப் பூசறது பிரேக்குக்குன்னே வர்ற சிலிக்கான் கிரீஸ்தான். சாதா கிரீஸ் பின்னு மேல இருக்கற ரப்பரை ஊத வச்சிரும்.

மிதிச்சும் நிக்கலைன்னா சஸ்பென்ஷன்ல (சக்கரத்தை வண்டியோட இணைச்சுக் குலுக்கலைத் தாங்கற அமைப்பு) இருக்கற ஸ்டெபிலைசர் லிங்க், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட் பாருங்க. பாத்துட்டு என்னன்னு எழுதுங்க தம்பி.