லாரிக்கு எதற்கு யூரியா?

கேள்வி: காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், அது யாரையும் ஒன்றும் செய்யாது என்று பள்ளியில் படித்தேன். இப்போது வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளால் காற்று கெடுகிறது என்கிறார்கள். போதாததற்கு, என் மைத்துனர் தன் புது லாரிக்கு யூரியாத் தண்ணீர் ஊற்றுகிறார். எதை நம்புவது?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: மூன்றையுமே நம்பலாம்.

காற்றில் உள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கின்றன. அதனால்தான் அது பரம சாது. வயலுக்கு மேலே அவ்வளவு தழைச்சத்து மிதந்தும் நெல்லுக்கு அதில் ஒரு துளியும் எட்டாது. அந்தப் பிடியைப் பிரிக்கும் வித்தை உளுந்து வேரில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்குத் தெரியும். சிறுவயதில், சம்பா அறுத்த தரிசில் நிற்கும் உளுந்தைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பார்ப்பேன். "உள்ளே சிவப்பா இருந்தா வேலை நடக்குதுடா" என்பார் அப்பா. அந்தச் சிவப்பு, நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்குப் பங்காளியான ஒரு புரதம் என்பது, நான் வேதியியல் வாத்தியாரான பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பிடியைப் பிரிக்க இன்னொரு வழி, கடும் சூடு. மின்னல் செய்வது அதைத்தான். டீசல் எஞ்சினுக்குள்ளும் அதே கதை. குற்றவாளி டீசல்கூட இல்லை. எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்தச் சூட்டில் சேர்ந்துவிடுகின்றன. வெளியே வந்ததும் நைட்ரஜன் டை ஆக்சைடாகி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். நல்ல வெயிலில், மற்ற புகைகளோடு கூடி, தரையை ஒட்டி ஓசோனையும் உண்டாக்கும்.

சரி, மைத்துனர் விஷயம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, டீசல் லாரிகளில் நீல மூடி போட்ட தனி டேங்க்கைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஊற்றுவது 32.5 சதவீதம் யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். புகைக்குழாயில் அது பீய்ச்சப்படும்போது சூட்டில் அம்மோனியாவாகிறது. அந்த அம்மோனியா, வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து, பழைய சாது நைட்ரஜனாகவும் நீராவியாகவும் பிரிந்துபோகிறது.

மைத்துனரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். வயலுக்கு வாங்கும் மூட்டை யூரியாவைக் கரைத்து ஊற்றக் கூடாது. சத்து மெல்ல இறங்கட்டும் என்று அதில் வேப்பெண்ணெய் பூசியிருக்கிறார்கள். வினையூக்கிக்கு அது ஆகாது. மானிய யூரியாவை அப்படித் திருப்புவது சட்டப்படியும் தப்பு. எங்கள் தெருவில் ஒருவர் மிச்சம் பிடிக்கிறேன் என்று கரைத்து ஊற்றினார். மெக்கானிக் போட்ட பில்லை இன்னும் வீட்டில் காட்டவில்லையாம்.