மேற்படிப்பு மேசை: சேருமுன் மணித்தியாலத்தைக் கூட்டிப் பாருங்கள்

மேற்படிப்பு பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் எழுதியவை. மற்றவை புதிதாகப் பட்டம் பெற்றவர்களும் பெற்றோரும் எழுதியவை. பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டுப் பதில் தருகிறோம்.

தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். மூன்று வருடப் பொதுக் கலைப் பட்டம் உண்டு. ஓராண்டில் முடியும் முதுமாணி ஒன்றுக்கும், ஆய்வேட்டுடன் இரண்டாண்டு முதுமாணி ஒன்றுக்கும் விண்ணப்பம் கோரியிருக்கிறார்கள். பின்னாளில் கலாநிதிப் பட்டம் வரை போக ஆசை. எதில் சேரலாம்?
– ஆசிரியை, பொகவந்தலாவை

இரண்டுக்கும் முதுமாணி என்றுதான் பெயர், ஆனால் எடை வேறு. பட்டங்களை மட்டம் மட்டமாகத் தரப்படுத்தும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட் (படிப்புச் சுமையின் அலகு). ஆய்வுப் பகுதியும் உள்ளது 10ஆம் மட்டம், 60 கிரெடிட்; அதில் 15க்குக் குறையாமல் ஆய்வு இருக்க வேண்டும். முதுதத்துவமாணி (எம்.பில்) 11, கலாநிதி 12. கலாநிதி வரை போக நினைப்பவருக்கு ஆய்வுப் பகுதி உள்ள முதுமாணிதான் வழி. 9ஆம் மட்டத்தோடு நின்றவர்கள் பிறகு ஆய்வுப் பகுதியைத் தனியாகச் செய்துவிட்டு வரும்படி திருப்பி அனுப்பப்படுகிறார்கள். நேரமும் காசும் இரண்டு மடங்கு.

அந்த 60 கிரெடிட்டை மணித்தியாலமாக மாற்றிப் பாருங்கள். பாடத்துக்கு ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலம், ஆய்வுக்கு ஒரு கிரெடிட் குறைந்தது 100 மணித்தியாலம். வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைத் தயாரிப்பு எல்லாம் இதற்குள் அடக்கம். பாடம் 45 கிரெடிட் 2,250 மணி, ஆய்வு 15 கிரெடிட் 1,500 மணி, கூட்டினால் 3,750. இரண்டு வருடத்துக்கு, அதாவது 104 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 36 மணித்தியாலம். சனி, ஞாயிறு வகுப்பில் 12 மணி போனாலும் மீதி 24 மணியைத் திங்கள் முதல் வெள்ளி வரை தேட வேண்டும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஐந்து மணி. பாடசாலை விட்டு வந்து, பாடக்குறிப்பு எழுதி, கொப்பி திருத்தி, சமைத்து, அதற்கு மேல் ஐந்து மணி என்பது இரண்டு வருடம் தாங்காது. ஓராண்டுப் படிப்பும் இலேசில்லை: 30 கிரெடிட்டுக்கு 1,500 மணி, வாரம் 29.

வகுப்பு பேராதனையில் என்றால் ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் ஒரு வழிக்கு மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாது. அந்த நேரத்தைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். வளைவுப் பாதையில் வாசிப்பு ஏறாது. விரிவுரை ஒலிப்பதிவைக் கேட்கலாம், அவ்வளவுதான். சனி இரவு தங்க ஓர் இடம் பிடித்தால் வாரத்துக்கு ஒரு போக்குவரத்து மிச்சம். பல மாதக் களைப்பும் மிச்சம்.

எங்கள் கருத்து: 10ஆம் மட்டத்திலேயே சேருங்கள், ஆனால் மூன்று வருடம் என்று தொடக்கத்திலேயே திட்டம் போடுங்கள். தவணை விடுமுறைகளில் ஆய்வு, பாடசாலை நடக்கும் வாரங்களில் பாடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். காசு கட்டுமுன் பட்டப்பின் படிப்புப் பிரிவில் சில விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: பதிவு எத்தனை வருடம் செல்லுபடியாகும், நீடிப்புக்கு வருடம் எவ்வளவு, ஆய்வேட்டுப் பரீட்சைக் கட்டணம் பாடநெறிக் கட்டணத்துக்குள் அடக்கமா, இடையில் நின்றால் டிப்ளோமாவோ 9ஆம் மட்டச் சான்றிதழோ கிடைக்குமா. மொழிமூலத்தையும் மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். விரிவுரை எந்த மொழி, பரீட்சை எந்த மொழி, ஆய்வேடு எந்த மொழி? ‘தமிழ்மூலமும் உண்டு’ என்ற ஒரு வரியை நம்பிச் சேர்ந்தவர்கள், விடை தமிழில் எழுதலாம், விரிவுரை மட்டும் ஆங்கிலம் என்பதை முதல் வகுப்பில்தான் அறிகிறார்கள்.

இன்னொன்று: பட்டப்பின் கல்வி டிப்ளோமா இன்னும் முடிக்கவில்லை என்றால் அதை முதலில் முடியுங்கள். ஆசிரியருக்கு அதுதான் தொழில்சார் தகைமை. எதில் சேர்ந்தாலும் அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்துக்கு அறிவித்து, திகதி முத்திரை வைத்த பிரதியைக் கையில் வைத்திருங்கள். சொல்லாமல் சேர்ந்தவர்கள் பரீட்சை நாளில் விடுமுறைக்குத் தவிக்கிறார்கள்.

ஆய்வேட்டின் இரண்டு அத்தியாயங்களைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்துவிட்டேன். யூனிகோட்டில்தான் தர வேண்டுமாம். மாற்றினால் எல்லாம் குழம்புகிறது.
– நாவலப்பிட்டி வாசகர்

பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. கணினிக்கு அது ஆங்கிலம்தான். அதனால் மாற்றும் கருவி உங்கள் ஆங்கில மேற்கோள்களையும் நூற்பெயர்களையும் சேர்த்துத் தமிழாக்கிவிடும்; குழப்பம் அங்கேதான். முதலில் கோப்பைப் பிரதி எடுங்கள். வேர்டில் தேடி மாற்றும் வசதியில் எழுத்துரு பாமினி என்று குறித்துத் தேடி, தமிழ்ப் பகுதிகளை மட்டும் பத்திப் பத்தியாக மாற்றுங்கள். அடிக்குறிப்புகளையும் அட்டவணைகளையும் தனியாகச் செய்யுங்கள். பிறகு ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வரிசையையும் நிறுத்தக்குறிகளையும் கண்ணால் சரிபாருங்கள். மூன்றாம் அத்தியாயத்திலிருந்து யூனிகோட். பழைய பாமினி விசைப்பலகை அமைப்பிலேயே யூனிகோட் அடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, விரல் பழக்கத்தை மாற்றத் தேவையில்லை.

தோட்டப் பெண் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். 40 பேரைப் பேட்டி கண்டேன். மாதிரி சரியில்லை என்கிறார் மேற்பார்வையாளர். என்ன பிழை என்று சொல்லவில்லை, அனுப்பியதற்குப் பதிலும் இல்லை.
– தலவாக்கலை மாணவி

எத்தனை மணிக்குப் பேட்டி எடுத்தீர்கள்? பிழை அனேகமாக அங்கேதான். காலை பத்து மணிக்கு லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போனால் ஓய்வு பெற்றவர்கள், சுகமில்லாதவர்கள், கைக்குழந்தைக்காரர்கள்தான் இருப்பார்கள். மலையில் நிற்கிற பெண்கள் உங்கள் மாதிரியில் வரவே மாட்டார்கள். மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்து, வீட்டுக்கு வந்து, தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டும் நேரம்தான் அவர்கள் அகப்படும் நேரம். அப்போது கேட்டால் பதில் ஒற்றைச் சொல்லாக வரும். ஞாயிறு முற்பகலும் போயா நாளும் நல்லவை, அன்று கைக்காசுக்கு (கிலோக் கணக்கில் தனியாகத் தரும் கூலிக்கு) கொழுந்து எடுக்காவிட்டால். சம்பள நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

யார் உங்களை அழைத்துப்போனார்கள் என்பதும் மாதிரிதான். கங்காணியோ தொழிற்சங்கத் தலைவரோ காட்டிய வீடுகளுக்கு மட்டும் போனால், அவர் பக்கத்து ஆட்கள்தான் கிடைப்பார்கள். டிவிஷன் வாரியாக லயங்களின் பட்டியல் ஒன்று தயாரித்து, ஒவ்வொரு லயத்திலும் இத்தனையாவது காம்பரா (அறை) என்று முன்கூட்டியே முடிவு செய்து போங்கள். 40 பேட்டியையும் எறிய வேண்டாம். யார் எந்த டிவிஷன், என்ன வயது, இன்றைக்கு வேலைக்குப் போகிறவரா என்று ஓர் அட்டவணை போட்டால் ஓட்டை எங்கே என்று தெரியும். அந்த ஓட்டையை நிரப்ப 10, 12 பேட்டி போதுமாக இருக்கலாம்.

தோட்டத்துக்குள் ஆய்வு செய்யத் துறைத்தலைவரின் கடிதத்தோடு தோட்ட நிர்வாகத்திடம் எழுத்து அனுமதி எடுங்கள். ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி பேட்டிக்கு முன் எடுக்க வேண்டியது, பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் பல பெண்கள் தயங்குவார்கள், கையெழுத்துப் போட்டு ஏமாந்த அனுபவம் தோட்டத்தில் நிறைய. வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்ய விண்ணப்பத்திலேயே அனுமதி கேளுங்கள்.

ஒரு மணித்தியாலப் பதிவைக் கேட்டு எழுத ஐந்தாறு மணித்தியாலம் போகும். அது ஆங்கில ஆய்வேடு என்றால் மொழிபெயர்ப்பு வேறு. ‘அரைப்பேர்’, ‘கைக்காசு’ போன்ற சொற்களை மொழிபெயர்க்காதீர்கள். அப்படியே வைத்து, பின்னிணைப்பில் விளக்கம் கொடுங்கள். ‘அரைப்பேர்’ என்பதை அரைநாள் சம்பளம் என்று எழுதிவிட்டால், முழுநாள் மலையில் நின்றும் குறித்த கிலோ வராததால் பாதி போட்டார்கள் என்ற விஷயமே மறைந்துபோகும். உங்கள் ஆய்வின் உயிரே அதில்தான் இருக்கிறது.

மேற்பார்வையாளருக்கு 60 பக்கம் அனுப்பி ‘பார்த்தீங்களா சேர்’ என்று கேட்டால் பதில் வராது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் மூன்று கேள்வியும் அனுப்புங்கள், ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய கேள்விகளாக. சந்தித்த அன்றே அவர் சொன்னதை ஐந்து வரியில் மின்னஞ்சலாக எழுதிவிடுங்கள். இரண்டு மாதம் மௌனம் நீடித்தால் அந்த மின்னஞ்சல்களோடு பாடநெறி இணைப்பாளரிடம் போங்கள். அது கோள் சொல்வதாகாது.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, பட்டச் சான்றிதழில் வேறு எழுத்து. வெளிநாட்டில் முதுமாணி படிக்க முடியுமா?
– பசறை வாசகர்

முடியும், ஆனால் விண்ணப்பத் திகதிக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, எதில் எந்த எழுத்து என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழில் பிழையென்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். சிறிய எழுத்து வேறுபாடென்றால் இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடியுங்கள். அதிகம் பிழைபோவது மொழிபெயர்ப்பில். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் காதில் விழுந்தபடி புதிதாக ஓர் எழுத்துக்கூட்டலை எழுதிவிடுவார், நான்காவது பெயர் உருவாகிவிடும். கடவுச்சீட்டின் பிரதியைக் கொடுத்து, இதே எழுத்தில் என்று சொல்லுங்கள். பல்கலைக்கழகப் பெறுபேற்று ஆவணத்தில் நான்கைந்து பிரதி ஒரே தடவையில் எடுங்கள், முத்திரையிட்ட உறையைப் பிரிக்காதீர்கள்.

ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையான ஐ.இ.எல்.டி.எஸ் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே அவசரப்பட்டு எழுத வேண்டாம். பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் தேவை; பகுதிநேர வேலையையும் கூட்டலாம், நியமனக் கடிதங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

மகள் விஞ்ஞானப் பட்டம் முடித்தாள். இன்னும் இரண்டு வருடம் ஆய்வு என்கிறாள். நானும் மனைவியும் கொழுந்து எடுத்துத்தான் படிக்க வைத்தோம். நகை அடகில். தம்பி ஏ.எல். படிக்கிறான். என்ன செய்வது?
– ஒரு தகப்பன், லுணுகலை

ஐயா, இருக்கிற அடகை மீட்காமல் புது அடகு வைக்க வேண்டாம். மகளின் படிப்பையும் நிறுத்த வேண்டாம். விஞ்ஞானத் துறையில் சம்பளத்தோடு ஆய்வு செய்ய வழி உண்டு. தேசிய விஞ்ஞான மன்றம் போன்ற நிறுவனங்களின் ஆய்வுக் கொடையில் நடக்கும் திட்டங்களுக்கு ஆய்வு உதவியாளரை எடுப்பார்கள். மாதக் கொடுப்பனவு கிடைக்கும், முதுதத்துவமாணிக்கும் பதியலாம். பல்கலைக்கழகத் துறைகளில் தற்காலிக உதவி விரிவுரையாளர் வேலையும் வரும். மகளிடம் இதைக் கேளுங்கள்: கொடுப்பனவு எத்தனை மாதத்துக்கு உறுதி, பதிவுக் கட்டணம் திட்டத்திலிருந்தா சொந்தக் காசிலிருந்தா, திட்டம் இடையில் முடிந்தால் பட்டம் என்னாகும்? இதற்குப் பதில் எழுத்தில் வந்த பிறகு சம்மதியுங்கள். முதல் கொடுப்பனவு வர இரண்டு மூன்று மாதம் பிந்துவது வழக்கம். அதுவரை அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டியதை இப்போதே கணக்குப் பாருங்கள். தம்பியின் ரியூஷன் காசை அதற்கு எடுக்காதீர்கள்.