முதல் மீடியா சர்வர்: எந்தப் பாகத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? – கேள்வி பதில்

வீட்டில் சேர்ந்திருக்கும் புளூ-ரே வட்டுகளின் பிரதிகளையும் குடும்பக் காணொளிகளையும் ஒரே கணினியில் வைத்து, தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பார்க்க விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைச் சுற்றி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (மதுரை): நாற்பதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். இன்டெல் ஐ5 வாங்குவதா, ரைசன் 7 வாங்குவதா?

பதில்: இரண்டையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் தொலைக்காட்சி எந்தக் கோப்புகளை நேரடியாக ஓட்டும் என்பதை முதலில் பாருங்கள். தொலைக்காட்சிக்குக் கோப்பின் வடிவம் தெரிந்திருந்தால், சர்வர் அதை வட்டிலிருந்து எடுத்து அப்படியே அனுப்புகிறது. வேறு வேலை எதுவும் செய்வதில்லை. 4கே புளூ-ரேயின் உச்ச வேகமே நொடிக்கு 128 மெகாபிட்தான், அதாவது 16 மெகாபைட். சாதாரண ஹார்ட் டிஸ்க் இதைப்போலப் பல மடங்கு வேகத்தில் படிக்கும் என்பதால், பத்தாண்டு பழைய கணினிகூட இந்த வேலையைத் தூங்கிக்கொண்டே செய்துவிடும்.

தொலைக்காட்சிக்குக் கோப்பின் கோடெக் (காணொளியைச் சுருக்கும் முறை) தெரியாதபோதும், இணைப்பு மெதுவாக இருக்கும்போதும், படமாகச் சேமிக்கப்பட்ட சப்டைட்டிலைக் காட்சியின் மேலேயே பதிக்க வேண்டியிருக்கும்போதும்தான் சர்வர் காணொளியை உடனுக்குடன் மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. டிரான்ஸ்கோடிங் என்பது இதுவே. இந்தச் சுமையைத் தாங்குவது கோர்களின் எண்ணிக்கை அல்ல; பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி. இன்டெலில் அதன் பெயர் குவிக் சிங்க். மீடியா சர்வர் மென்பொருள்கள் இதனுடன் நன்றாகப் பழகிவிட்டன என்பதாலேயே, மற்ற வேலைகளுக்கு ரைசனைச் சொல்லும் நானும் இதற்கு இன்டெலைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல தொலைக்காட்சிகளின் லேன் (நெட்வொர்க் வயர்) துளை 100 மெகாபிட் வேகத்தைத் தாண்டாது. கனமான 4கே கோப்பு திக்கித் திணறி ஓடினால், சர்வரைக் குறை சொல்வதற்கு முன் அந்த வயரைக் கழற்றிவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி (சென்னை): ரிச்சி தெருவில் அலுவலகங்களிலிருந்து கழித்த டெல், ஹெச்.பி டெஸ்க்டாப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம், ஆனால் எந்தத் தலைமுறை என்று பார்த்து வாங்குங்கள். இன்றைய 4கே படங்களில் பெரும்பாலானவை 10-பிட் ஹெச்.இ.வி.சி (ஒரு கோடெக்; பிட் என்பது நிற நுணுக்கத்தின் அளவு). ஆறாம் தலைமுறை இன்டெலின் கிராஃபிக்ஸ் 8-பிட் ஹெச்.இ.வி.சியோடு நின்றுவிடுகிறது, ஏழாம் தலைமுறையிலிருந்துதான் 10-பிட்டும் சேர்ந்தது. ஐ5-6500 (ஆறாம் தலைமுறை), ஐ5-7500 (ஏழாம் தலைமுறை) ஆகிய இரண்டும் கடைக்காரர் மேசையில் ஒன்றுபோலவே இருக்கும், விலையிலும் பெரிய வேறுபாடு இராது. நம் வேலைக்கோ முன்னது பாதிக்கிணறுதான்.

கேபினெட்டைத் திறந்து காட்டச் சொல்லவும் தயங்காதீர்கள். சிறிய வடிவப் பெட்டிகளில் 3.5 அங்குல வட்டு ஒன்றுக்கு மேல் நுழையாது. இவ்வகைக் கணினிகளில் எஸ்.எம்.பி.எஸ் (மின்சாரம் வழங்கும் பகுதி) பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருப்பதால், பின்னாளில் கடையில் கிடைக்கும் வேறொன்றை மாட்ட முடியாது. டவர் வடிவில் கிடைத்தால் அதையே எடுங்கள்.

கேள்வி (திருச்சி): ஐ3-12100எஃப் விலை குறைவாக இருந்ததால் வாங்கிவிட்டேன். சரிதானே?

பதில்: ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் கிராஃபிக்ஸ் செயல்படாது, ஆகவே குவிக் சிங்க்கும் இல்லை. மாற்றித் தருவார்களா என்று இன்றே கேளுங்கள். எஃப் இல்லாத அதே ஐ3-12100 முதல் சர்வருக்கு மிக நல்ல தேர்வு.

கேள்வி (யாழ்ப்பாணம்): ராஸ்பெரி பை 5 போதுமா, அல்லது இன்டெல் என்100 பெட்டி வாங்கட்டுமா?

பதில்: என்100. ராஸ்பெரி பை 5-இல் காணொளியை மாற்றி எழுதும் வன்பொருள் என்கோடரே கிடையாது. முந்தைய பை 4-இல் இருந்ததையும் எடுத்துவிட்டார்கள். 2023-இல் வந்த என்100 நான்கு கோர்களும் 6 வாட் மின் அளவும் கொண்ட சிறிய பிராசஸர்தான் என்றாலும், 10-பிட் ஹெச்.இ.வி.சியை மாற்றுவதோடு ஏவி1 என்ற புதிய கோடெக்கில் உள்ள கோப்புகளைப் படிக்கவும் செய்யும். குறை என்னவென்றால், கைக்கடக்கமான பெட்டிகளில் 3.5 அங்குல வட்டுக்கு இடம் இல்லை. யு.எஸ்.பி உறையில் ஒரு வட்டு வைத்துக்கொள்ளலாம். நான்கு வட்டுகளை யு.எஸ்.பியில் தொங்கவிட்டு ரெய்டு (ஒரு வட்டு பழுதானாலும் தரவு தப்பும்படி பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் முறை) அமைப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் மொத்த அமைப்பும் குழம்பும்.

கேள்வி (கோவை): நாஸ் (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) வட்டு என்று எழுதிய ஹார்ட் டிஸ்க்குக்கு அதிக விலை கேட்கிறார்கள். சாதாரண வட்டு ஆகாதா?

பதில்: லேபிளை விட, வட்டு சி.எம்.ஆரா எஸ்.எம்.ஆரா என்பதுதான் முக்கியம். இவை வட்டில் தரவை எழுதும் இரு முறைகள். சி.எம்.ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்.எம்.ஆர் வட்டில் தடங்கள், கூரையில் ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். நடுவில் ஓர் ஓடு மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் எடுத்து வைக்க வேண்டும் அல்லவா? அதுபோலவே இங்கும் ஒன்றை மாற்ற அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால், தொடர்ந்து எழுதும்போது வேகம் படுத்துவிடுகிறது. படத்தை ஒருமுறை எழுதிவிட்டுப் பலமுறை படிப்பவருக்கு இது பெரிய தொல்லை அல்ல. ரெய்டில் பழுதான வட்டுக்குப் பதில் புதியதை மாட்டி மீட்கும்போதுதான் வலி தெரியும்.

லேபிளை நம்பவும் முடியாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில், நாஸுக்கென்றே விற்ற 2 முதல் 6 டெராபைட் வட்டுகள் எஸ்.எம்.ஆர் என்பது 2020-இல்தான் வெளியே தெரிந்தது, அதன்பிறகே சி.எம்.ஆர் வட்டுகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வந்தது. சீகேட்டில் அயன்வுல்ஃப் வரிசை சி.எம்.ஆர், பாரகுடாவின் 4, 8 டெராபைட் வட்டுகள் எஸ்.எம்.ஆர். மாடல் எண்ணை நிறுவனத்தின் பட்டியலில் ஒப்பிட்டுவிட்டே பணம் கொடுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): ரெய்டு வைத்தால் பேக்கப் தேவையில்லை என்கிறார் நண்பர்.

பதில்: ஒரு வட்டு செத்தால் ரெய்டு உதவும். நீங்களே தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், ரெய்டு அதை எல்லா வட்டுகளிலும் உண்மையாக அழித்துக் கொடுக்கும். புளூ-ரே பிரதிகளை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். பாட்டியின் குரல் பதிந்த காணொளியை மீண்டும் எடுக்க முடியாது. அந்தச் சிறு பகுதிக்கு மட்டுமாவது தனி வட்டில் ஒரு நகல் எடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள்.

கேள்வி (சேலம்): எஸ்.எம்.பி.எஸ் எத்தனை வாட்? மின் கட்டணம் ஏறுமா?

பதில்: கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத நான்கு வட்டு சர்வருக்கு 450 வாட் தாராளம். 3.5 அங்குல வட்டு சுழலத் தொடங்கும் நொடிகளில் ஒவ்வொன்றும் 25 வாட் வரை இழுக்கும் என்பதால், வாட் எண்ணைவிடத் தரத்தைப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸின் நான்கு முள் மோலெக்ஸ் இணைப்பை வட்டுக்கான சாட்டா இணைப்பாக மாற்றும் மலிவான வார்ப்பு அடாப்டர்களைத் தொடவே வேண்டாம். அப்படியொன்று என் வீட்டில் உருகிப் புகைந்த வாடை இரண்டு நாள் போகவில்லை.

கட்டணக் கணக்கு எளிது. சராசரியாக 30 வாட் எடுக்கும் சர்வர் அறுபது நாளில் 43 யூனிட் எரிக்கும். பழைய கேமிங் கணினியை 80 வாட்டில் ஓடவிட்டால் 115 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டையும் அது ஒன்றே விழுங்கிவிடும்.

கேள்வி (மீண்டும் மதுரை): என் தொலைக்காட்சி ஹெச்.இ.வி.சியை நேரடியாக ஓட்டுகிறது. வெளியூரிலிருந்து மகள் கைபேசியில் பார்ப்பாள். இப்போது என்ன வாங்கட்டும்?

பதில்: ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பழைய டவர் ஒன்று, 8 ஜிபி மெமரி, இயங்குதளத்துக்கு ஒரு சிறு எஸ்.எஸ்.டி, இரண்டு 4 டெராபைட் சி.எம்.ஆர் வட்டுகள். ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் வட்டுகளுக்கே போகட்டும். மகளின் கைபேசிக்காக மட்டுமே டிரான்ஸ்கோடிங் நடக்கும். பிளெக்ஸ் என்ற மீடியா சர்வர் மென்பொருளில் வன்பொருள் டிரான்ஸ்கோடிங்குக்குக் கட்டணச் சந்தா வேண்டும். அதே வகை மென்பொருளான ஜெல்லிஃபினில் அது இலவசம் என்பதால் அதிலிருந்தே தொடங்குங்கள். இரண்டு வட்டுகளையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்காதீர்கள்: ஒரே தொகுப்பில் வந்தவை ஒரே காலத்தில் பழுதாகும் வாய்ப்பு உண்டு.