டிபிஎஃப் (டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர் என்ற புகை வடிகட்டி) உள்ள டீசல் கார் நீண்ட காலம் உழைக்குமா?

உழைக்கும், தினமும் நல்ல தூரம் ஓட்டுபவருக்கு. பக்கத்துத் தெருவுக்குப் போய்வர மட்டும் வண்டி எடுப்பவர் என்றால் பெட்ரோல் கார் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

டிபிஎஃப் என்பது தேன்கூடு போலக் கண்ணறைகள் கொண்ட பீங்கான் வடிகட்டி. புகையில் வரும் கரியைப் பிடித்துவைத்து, சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரித்துவிடும். இதற்குப் பெயர் ரீஜெனரேஷன். சாதாரண ஓட்டத்தில் அவ்வளவு சூடு வராது. அதனால் பெரும்பாலான கார்களில் என்ஜின் கம்ப்யூட்டரே சிலிண்டருக்குள் கூடுதல் டீசலைத் தாமதமாகத் தெளித்துச் சூட்டை ஏற்றுகிறது. அந்த நேரத்தில் வண்டியை அணைத்தால் கரி அப்படியே தங்கிவிடும். தெளித்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக என்ஜின் ஆயிலில் இறங்கிவிடும். குறைந்த தூரமே ஓட்டினால் அடுத்த முறையும் இதேதான் நடக்கும்.

என் கவலையெல்லாம் இந்த ஆயிலைப் பற்றித்தான். ஃபில்டர் அடைத்தால் விளக்கு எரிந்து எச்சரிக்கும். ஆயில் நீர்த்துப்போனால் பல கார்களில் எதுவுமே சொல்லாது, டர்போவும் பேரிங்கும் தேய்ந்துகொண்டிருக்கும். ஓடிய டீசல் காரைப் பார்க்கப் போனால் நான் முதலில் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைத்தான் இழுத்துப் பார்ப்பேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்று டீசல் வாடையும் அடித்தால் அந்த வண்டி வேண்டாம்.

இன்னொன்று, ஃபில்டர் அடைத்துவிட்டது என்று அதை மட்டும் மாற்றிவிட்டு வருவதில் பயனில்லை. ஒழுகும் இன்ஜெக்டர், சிக்கிக்கொண்ட ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்புவது), ஆயில் கசியும் டர்போ என்று மூல காரணம் வேறெங்காவது இருக்கும். என்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டால்கூடப் போதும். என்ஜின் சூடேறாவிட்டால் பல கார்களில் ரீஜெனரேஷனே தொடங்காது. அதைச் சரிசெய்யாமல் மாட்டிய புது ஃபில்டரும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. அது ஆயிலில் கலந்துள்ள உலோகச் சேர்மங்களிலிருந்து வருவது, வருடக்கணக்கில் சேரும். அதனால் கையேட்டில் சொன்ன, சாம்பல் குறைந்த ரக ஆயிலையே ஊற்றுங்கள். சேர்ந்த சாம்பலை ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யவும் முடியும்.

ஃபில்டரையே வெட்டி எடுத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பல நாடுகளில் அது சட்டவிரோதம். அந்த நுண்கரி பின்னால் வருகிறவர்களின் நுரையீரலுக்குள்தான் போகும்.

வண்டி நிற்கும்போது (ஐடிலில்) என்ஜின் சுற்றும் வேகமான ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கூடியிருந்தால், அல்லது ரேடியேட்டர் ஃபேன் காரணமில்லாமல் ஓடினால், ரீஜெனரேஷன் நடந்துகொண்டிருக்கலாம். அப்போது என்ஜினை அணைக்காமல் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள்.