ஸ்மிர்னாவின் சாக்கா: கேள்வி பதில்

சாக்கா ஓட்டோமான் சுல்தானா?

இல்லை. ஓட்டோமான்கள் தலையெடுக்க இன்னும் 200 ஆண்டுகள் இருந்தன. 1071-இல் செல்ஜுக் துருக்கியர் பைசாந்தியரை வென்ற மான்சிகெர்ட் போருக்குப் பிறகு, அனத்தோலியாவில், அதாவது இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியில், பரவிய துருக்கியத் தலைவர்களில் இவர் ஒருவர். கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமானியரான அந்தப் பைசாந்தியரிடம் பிடிபட்டார். பேரரசர் பொத்தனியாத்திஸ் இவரைக் கொல்லாமல் பட்டமும் பரிசும் கொடுத்து வைத்துக்கொண்டார். 1081-இல் அலெக்சியோஸ் கொம்னெனோஸ் அரியணை ஏறியதும் அத்தனையும் போயிற்று. பிறகுதான் ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய இஸ்மிரில், தனி அரசு அமைத்தார்.

குதிரையில் வந்தவருக்குக் கப்பல் எப்படிக் கிடைத்தது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கப்பல் வேலை தெரிந்த ஒரு ஸ்மிர்னாக்காரரைப் பிடித்து அவரிடமே பொறுப்பை விட்டார். சிறு படகுகள் போக, மேல்தளம் போட்ட கப்பல்கள் மட்டும் 40. லெஸ்போஸின் மித்திலீனியும் கியோஸ் தீவும் கைக்கு வந்தன. எதிர்த்து வந்த பைசாந்தியக் கப்பற்படையும் தோற்றது. அந்த நேரத்தில் அலெக்சியோஸ் பால்கனில் பெச்செனெக்குகள் என்ற நாடோடித் துருக்கிய இனத்தாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாக்கா அவர்களுக்கும் தூது அனுப்பினார்: நீங்கள் நிலத்தில் நெருக்குங்கள், நான் கடலில் வருகிறேன். 1091 ஏப்ரல் 29-இல் லெவூனியன் போரில் பெச்செனெக்குகள் அழிந்ததோடு அந்தத் திட்டமும் போயிற்று.

எப்படிச் சொன்னாலும் கடற்கொள்ளையர்தானே, சார்?

அப்படிச் சொன்னது யார் என்று பாருங்கள். நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அன்னா கொம்னேனா எழுதிய 'அலெக்சியாட்' நூலிலிருந்து வருகிறது. அவர் அலெக்சியோஸின் மகள். பிறந்தது 1083-இல், எழுதியது பல பத்தாண்டுகள் கழித்து. எதிரியின் வீட்டில் எழுதிய கதை என்பதை மறக்காதீர்கள்.

அதே அன்னாதான் சாக்கா தன்னைப் பேரரசர் என்று அழைத்துக்கொண்டதாகவும் சொல்கிறார். அதை மட்டும் நம்பலாமா?

சரியான கேள்வி. நான் நம்புவதற்குக் காரணம், அன்னாவுக்கு ஆதாயமில்லாத இன்னொரு செய்தியும் அதே நூலில் இருப்பது. கியோஸை மீட்க வந்த தளபதி தலசேனோஸிடம் சாக்கா என்ன கேட்டார்? இரு குடும்பத்துக்கும் திருமண உறவு, பழைய மரியாதை. அது கிடைத்தால் பிடித்த தீவுகளைத் திருப்பித் தருகிறேன் என்றார். கொள்ளைக்காரனுக்குச் சம்பந்தம் எதற்கு? அரண்மனையில் இருந்து பார்த்தவர் அவர். பேரரசர் என்ற சொல்லின் எடை தெரிந்தே அதை எடுத்துக்கொண்டார் என்பது என் கருத்து.

ஓட்டோமான் கடற்படையைத் தொடங்கியவர் இவர்தானா?

முதல் பதிலைப் படியுங்கள். இன்றைய துருக்கியக் கடற்படை 1081-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்டாடுகிறது, அது வேறு விஷயம்.

தனிஷ்மெந்துக் கதை என்ற துருக்கிய வீரகாவியத்தில் வரும் சாவுல்துர் சாக்கா இவரேதானே?

பெயர் ஒத்துப்போவது மட்டும் ஆதாரமாகாது.

எப்படி இறந்தார்?

மருமகன் கையால். நீக்கேயாவின் (இன்றைய இஸ்னிக்) செல்ஜுக் சுல்தான் கிலிச் அர்ஸ்லான் இவருடைய மகளை மணந்தவர். 'உன் மாமனார் குறிவைப்பது என் அரியணையை அல்ல, உன்னுடையதை' என்ற கருத்தில் அலெக்சியோஸ் அவருக்குக் கடிதம் எழுதினார். சுமார் 1093-இல், டார்டனெல்ஸ் நீரிணைக் கரையிலுள்ள அபிடோஸ் நகரைச் சாக்கா முற்றுகையிட்டிருந்தபோது, மருமகனைப் பார்க்கப் போனார். விருந்தில் நிறையக் குடிக்க வைத்து விலாவில் வாளைப் பாய்ச்சினார்கள். இதையும் சொல்பவர் அன்னாதான்.

ஓட்டோமான்களுக்கும் இவருக்கும் ரத்த உறவு உண்டா?

முதல் பதில்.